பட்டியலில் இல்லாத திரை

உயர்தர வகுப்புக்குத் தமிழ் இலக்கியம் கற்பிப்பவன் நான். கதையில் ஒரு பெண் சன்னலைச் சாத்தினால் போதும், அது எதன் குறியீடு என்று கரும்பலகை நிறைய எழுதுவேன். என் வீட்டில் சன்னலைச் சாத்துகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வட்டகொடைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசையின் கடைசி வீடு எங்களுடையது. போன பெருமழையில் பின்பக்க மேடு சரிந்து கழிவறையை மூடியது. பத்து நாள் பாடசாலை மண்டபத்தில் இருந்துவிட்டுத் திரும்பினோம். அன்றிலிருந்து தூறல் விழுந்தாலே பின்சுவரில் விழுந்த வெடிப்பை விரல் வைத்து அளக்கிறேன். அவசரத்துக்கு ஒரு பை வைத்து, அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலும் ஒட்டினேன். தலவாக்கலையில் வாடகைக்கு வீடு இருப்பதாக மனைவி மூன்று முறை சொன்னாள். பார்க்கலாம் என்றேன், மூன்று முறையும். வெடிப்பை அளக்கத் தெரிந்தவனுக்கு வீட்டை விடத்தான் பயம்.

மகள் போட்டிக்கு எழுதிய கதையைத் திருத்தக் கொடுத்தாள். அதில் மண்சரிவு எச்சரிக்கை வருகிறது. ஒரு பெண் அவசரப் பையில் பிறப்புச் சான்றிதழ்களுக்கு அடியில் புதுக் கதவுத் திரையை மடித்து வைக்கிறாள். சிவப்பு மையில் எழுதினேன்: “நம்பும்படி இல்லை. உயிருக்குப் பயந்து ஓடுகிறவள் திரையை எடுப்பாளா? பாத்திரத்தின் மனதைக் கவனி.”

மகள் வாசித்துவிட்டுச் சிரித்தாள். “பட்டியல் போட்டது நீங்கப்பா. பைய அடுக்குனது யாரு?”

பையைத் திறந்து பார்த்தேன். பச்சையில் மஞ்சள் பூப்போட்ட திரை. தீபாவளிக்கு வாங்கியதை ஏன் மாட்டவில்லை என்று ஒரு வாரம் நான் முணுமுணுத்த அதே திரை.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கும் வேலை முடிந்து மனைவி வந்தபோது அது என் மடியில் இருந்தது.

“மாட்டத்தான் வாங்குனேன். இந்தக் கதவுக்கு இல்லீங்க,” என்றாள். நாலாவது தடவையும் சொல்ல வேண்டுமா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் தலவாக்கலைக்குப் போனோம். திரையும் வந்தது. அந்த வாடகை வீட்டு வாசலில் ஒரு நுனியை நான் பிடித்தேன், மறு நுனியை மனைவி. இப்போது இதற்கு என்ன குறியீடு என்று மகள் கேட்டாள். எனக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது.

“காலையில பெரட்டுல பேர் குடுக்க நிக்கிற மாதிரி வெறைச்சுப் போய் நிக்காம, கொஞ்சம் தூக்கிப் புடிங்க,” என்றாள் மனைவி.

திரை கதவை விட ஒரு சாண் நீளம். வெட்ட வேண்டாம், மடித்துத் தைக்கலாம் என்றாள். அடுத்த மாதமே வருகிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னது நான்தான்.