நாலு மூலை மஞ்சளும் ஒரு பஸ் தரிப்பும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பாண் சுட்டேன், பெற்றோல் அடித்தேன், மூன்று கடை திறந்தேன், லண்டன் மோர்டனில் வீடு வாங்கினேன். மருந்துக்கும் தமிழ்ச்சனம் இல்லாத ஒரு பழைய பேராலய நகரத்தில் பஸ் தரிப்புக்குக் கூரையும் போடுவித்தேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் ஒருவரும் நம்புவதில்லை.

போன கிழமை மகள் கவுன்சில் படிவமொன்றைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தாள். "பிள்ளை, அனுப்ப முதல் மூலையில மஞ்சள் வை" என்றேன்.

"ஸ்கிரீனிலயோ அப்பா?" என்று சிரித்தாள். எனக்கு அந்த மஞ்சள் மணம் மூக்கில் ஏறிவிட்டது.

2009. பேராலயத்துக்கு எதிரே என் கடை. கிராமங்களுக்குப் போகிற பஸ் சற்றுத் தள்ளி நிற்கும். மழை வந்தால் வெள்ளைக்கார ஆச்சிமார் எல்லாரும் என் வாசலில் ஒதுங்குவார்கள். ஒதுங்கினவர்கள் சும்மா போவார்களா, ஒரு பால், ஒரு பிஸ்கட். வாசலுக்கு மேலே கூரை போட்டால் இன்னும் நாலு பேர் நிற்கலாமே என்று கணக்குப் போட்டேன். அங்கே ஆணி அடிக்கவும் கவுன்சிலைக் கேட்கவேண்டும், பேராலயத்தின் அழகு கெட்டுவிடுமாம். விண்ணப்பத்தோடு சுற்றுவட்டார வரைபடமும் கேட்டார்கள். என் கடை அதில் நடுவில். மனுசி ராகுகாலம் கழித்து, கலியாணக் கடிதத்துக்கு வைப்பதுபோல, வரைபடத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துத் தந்தா. நானே கொண்டுபோய் கவுன்சில் யன்னலில் கொடுத்தேன்.

இரண்டு கிழமையில் பிளானிங் அதிகாரி அம்மா கடைக்கே வந்துவிட்டா. வரைபடத்தில் மஞ்சள் பட்ட இடமெல்லாம் நான் கட்டக் கேட்கிற இடம் என்று நினைத்துவிட்டா. மஞ்சள் ஒன்று பேராலயப் புல்வெளியில் கிடந்தது, ஒன்று மேயர் கார் விடுகிற இடத்தில், ஒன்று ஆற்றுக்கு நடுவில்.

"ஆற்றுக்குள்ளே என்ன கட்டப்போகிறீர்கள்?"

மனுசி பின்னாலிருந்து, "அது சாமிக்கு எண்டு சொல்லுங்கோவன்" என்றா. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். 'ஆற்றில் வழிபாட்டிடம்' என்று அவ எழுதிக்கொண்டு போனா.

கவுன்சில் கூட்டத்துக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். ஆற்றுக் கோவிலைப் பற்றியே அரை மணித்தியாலம் பேசி மறுத்தார்கள். புல்வெளியும் மறுப்பு. கார் இடத்தை மறுக்க மேயர்தான் முதலில் கை தூக்கினார். என் வாசல் கூரைக்கும் அதே கதி. நாலாவது மஞ்சள் பஸ் தரிப்பில் விழுந்திருந்தது. கிராமத்து உறுப்பினர் அம்மா எழும்பினா. அவ சொன்னதை எங்கட தமிழில் சொன்னால்: "இவ்வளவு காலம் நாங்கள் கத்தியும் உங்களுக்குக் கேக்கேல்லை. நாங்கள் நனையிறது இந்தக் கடைக்காரருக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய ஆட்கள் பேசும்போது மறுத்துப் பேசுகிற பழக்கம் எனக்கில்லை. ஓமென்று தலையை ஆட்டினேன்.

தரிப்புக்குக் கூரை வந்தது. ஆச்சிமார் எல்லாரும் அங்கே போய் இருந்துவிட்டார்கள். அடுத்த வருசமே நான் கடையைப் பூட்டினேன்.

இப்போது அந்தக் கவுன்சிலும் இல்லை, பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். கையால் விண்ணப்பம் வாங்கின யன்னல் இல்லை. மஞ்சள் வைக்கக் கடதாசியும் இல்லை. கூரை மட்டும் நிற்கிறது. அதிலே ஒரு பித்தளைத் தகடு, தகட்டிலே அந்த மேயரின் பெயர்.

என் பெயரையும் அதில் போடவேண்டும். இடம் காணாதென்றால் மேயரை எடுத்துவிட்டுப் போடட்டும். "மஞ்சள் வைச்சது ஆர்?" என்று மனுசி அடுப்படியிலிருந்து கேட்கிறா. சரி, அவவின் பெயரையும் கீழே சின்னதாகப் போடுங்கள்.