மானாம்பதி வயலில் ஓடிய போட்டு எஞ்சின்

காலை ஐந்தரைக்குச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து கிளம்பினோம். நான், குட்டி யானை வண்டியின் டிரைவர், பின்னால் தார்ப்பாய் போர்த்திய என் போட்டு எஞ்சின். திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, புக்கத்துறை வழியாக உத்திரமேரூர், ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். போக வர வாடகை இரண்டாயிரத்து எண்ணூறு, காத்திருந்தால் அதற்குத் தனி. கடலே இல்லாத ஊருக்குப் போட்டு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போகிறவனைப் பார்த்து டிரைவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இன்னா சார், உத்திரமேரூர் ஏரியில போட்டு உடப் போறியா?" என்றார்.

நான் கண்ணாடியில் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே வந்தேன். திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதும் வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்த எஞ்சினில் ஒரு நிமிடத்தில் கழற்றக்கூடிய சாமான்கள் எத்தனையோ இருக்கின்றன. டிரைவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் நல்லவரா என்று பரிசோதித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது பைபர் போட்டு. அதில் பத்துக் குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். பாதிப் பங்கு என்னுடையது, மறு பாதி என் மனைவியின் தம்பி தேசிங்குடையது. எனக்கு முட்டி போனதிலிருந்து கடலுக்குப் போகிறவன் அவன்தான். கரையில் மீன் விலை பேசுவதும் டீசல் ஊற்றுவதும் என் வேலை. பொங்கலுக்குப் பிறகு டீசல் கூடுதலாகச் செலவாவதாக எனக்குப் பட்டது. மச்சான்தான் உருவி விற்கிறான் என்று முடிவு கட்டினேன். ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டில் பொருத்தியிருந்த டேங்கின் பழைய மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரப்பர் வளையம் வைத்த பூட்டு மூடி ஒன்றை வாங்கி மாட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றுக்கு வந்தது. விடியுமுன் நானே திறந்து ஊற்றி, நானே பூட்டி அனுப்புவேன். தேசிங்கு பார்த்துக்கொண்டு நின்றான், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பூட்டு போட்ட அடுத்த வாரமே எஞ்சின் படுக்க ஆரம்பித்தது. கரையை விட்டு முக்கால் மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு இருமும், இழுக்கும், நின்றுவிடும். கயிறு சுற்றி எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. வேறு போட்டில் கட்டி இழுத்து வருவார்கள். கரைக்கு வந்ததும் நான் டேங்கைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்ப்பேன், பாதிக்கு மேல் இருக்கும். கயிற்றை இழுத்தால் ஒரே இழுப்பில் ஓடும். கடலில் நிற்கிற எஞ்சின் என் கண்ணெதிரே ஓடுகிறது என்றால் என்ன அர்த்தம்? டீசல் உருவ வழியில்லாத கோபத்தில் மச்சான் எஞ்சினில் கை வைக்கிறான் என்று எனக்கு அர்த்தமாயிற்று.

கடைசித் தடவை இழுத்து வர வேறு போட்டு கிடைக்கவில்லை. தேசிங்கும் கூடப் போன ஆட்களும் துடுப்பு வலித்தே வந்து சேர்ந்தார்கள். தேசிங்கு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான், உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. நல்ல நாடகம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கரை மெக்கானிக் எஞ்சினைத் தட்டிப் பார்த்துவிட்டு, சூடு ஏறினால் டீசல் பம்ப் அழுத்தம் கொடுக்கவில்லை என்றார். பம்ப் ஏழாயிரத்து எண்ணூறு, டீசலைத் தூவும் நாசில் தொள்ளாயிரத்து ஐம்பது, பிரிக்கும்போதே ரிங் செட்டும் மாற்றிவிடலாம், அது ஆயிரத்துத் தொள்ளாயிரம், கூலி மூவாயிரம். அவரும் மச்சானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பவர்கள். அதனால் அவரை நம்பவில்லை. இதே எஞ்சினைக் கடலில்லாத ஊர்களில் கிணற்றுக்கு வைக்கிறார்கள், உத்திரமேரூரில் ஏகாம்பரம் என்று ஒருவர் இதை மட்டுமே பார்க்கிறார் என்று வலை வியாபாரி ஒருவர் சொன்னார். எஞ்சினில் யாரோ கை வைத்தது உறுதியானால் போட்டை விற்றுப் பங்கைப் பிரித்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். தம்பியைப் பற்றிய பேச்சு அல்லவா, அவள் வழிக்குச் சாப்பாடுகூடக் கட்டிக் கொடுக்கவில்லை.

எட்டு மணிக்கு உத்திரமேரூர். மெக்கானிக்கைப் பார்க்குமுன் விலை தெரிந்துகொள்ள வேண்டும் என்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு உதிரிபாகக் கடையில் ஏறினேன். வாளி, வால்வு, பெல்ட் எல்லாம் தோரணம் கட்டித் தொங்கின. நாசில் கேட்டேன்.

"கம்பெனியா, லோக்கலா?" என்றார் கடைக்காரர்.

கம்பெனி எழுநூற்று இருபது, லோக்கல் முந்நூற்று எண்பது. இரண்டையும் மேசையில் வைத்தார். பெட்டி ஒரே நிறம், எழுத்து ஒரே மாதிரி.

"எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"நான் சொன்னாத்தான் தெரியும்" என்றார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

பம்ப் ஆறாயிரத்து இருநூறு, ரிங் செட் ஆயிரத்து நானூறு. எங்கள் கரையைவிடக் குறைவுதான். அப்படியானால் கரை மெக்கானிக் ஏமாற்றுகிறாரா, இல்லை இவர் விற்கிற கம்பெனி சரக்கே லோக்கலா என்று யோசித்துக்கொண்டு ஒன்றும் வாங்காமல் இறங்கினேன்.

ஏகாம்பரத்தின் பட்டறை ஒரு தகரக் கொட்டகை. ஐம்பது வயதிருக்கும், காதில் பாதி பீடி. தார்ப்பாயை விலக்கியதும் எஞ்சினைப் பார்க்காமல் அதன் நம்பரைப் பார்த்தார்.

"பில்லு கீதா?"

"எதுக்கு?"

"கெணத்து எஞ்சின் நெறைய களவு போவுது அண்ணா. பெயின்ட் அடிச்சி எடுத்துக்கினு வர்றாங்க. அப்புறம் ஸ்டேஷனுக்கு நான் அலையணும்."

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டு வந்தவனுக்கு, தன்னை ஒருவன் சந்தேகப்படுவது எவ்வளவு கசக்கும் என்று அப்போது தெரிந்தது. போனில் பில்லின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். அவர் ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பீடியைப் பற்ற வைத்தார்.

நான் கோளாறைச் சொன்னேன். ஸ்பேனரை எடுப்பார் என்று பார்த்தால், எஞ்சினை மறுபடி வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"பிரிச்சிப் பாக்கலியா?"

"ஓடற எஞ்சினைப் பிரிச்சா, நான்தான் கெடுத்தேன்னு நாளைக்கு நீங்களே சொல்லுவீங்க. மொதல்ல லோடுல ஓட்டம் பாக்கணும். மானாம்பதில ஒரு கெணறு கீது. டீசல் மட்டும் நீங்க வாங்கிக்கங்க."

அவருடைய பழைய பத்து லிட்டர் கேனில் என் காசுக்கு டீசல் நிரப்பி, என் வாடகை வண்டியில், என் எஞ்சினோடு மானாம்பதிக்குப் போனோம். டிரைவர் இப்போது சிரிக்கவில்லை, காத்திருப்புக் கூலியை மனதில் ஓட்டிக்கொண்டிருந்தார் போலும்.

வயலுக்குச் சொந்தக்காரர் மல்லிகா என்ற பெண். கிணற்று மோட்டாரின் காயில் எரிந்து, கடைக்குக் கம்பி சுற்றப் போயிருக்கிறதாம். ஒன்றரை ஏக்கர் நெல், நிலம் வெடிப்பு விடத் தொடங்கியிருந்தது. நான் பார்த்தவுடனே புரிந்துகொண்டேன். இந்த ஊர் மெக்கானிக்குகளின் வழக்கமே இதுதான். ஓட்டம் பார்க்க வரும் எஞ்சினை யாருக்குத் தண்ணீர் தேவையோ அவர் கிணற்றில் மாட்டிவிடுகிறார்கள். அறுப்பில் மூட்டை நெல் மெக்கானிக் வீட்டுக்குப் போகும். பார்க்கிறவனுக்கு உபகாரம், எஞ்சின்காரனுக்கு டீசல் செலவு.

டேங்க் போட்டிலேயே இருந்ததால், வேப்பமரக் கிளையில் கேனைத் தொங்கவிட்டு, அடியிலிருந்து எஞ்சினுக்குக் குழாய் கொடுத்தார் ஏகாம்பரம். கேனின் வாயில் தூசி விழாமல் ஒரு மெல்லிய துணி, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீர் பம்புக்குப் பெல்ட் மாட்டிக் கயிற்றை இழுத்தார். கடலில் எங்களைக் கைவிட்ட எஞ்சின் ஊரான் வயலுக்கு விசுவாசமாகத் தண்ணீர் இறைத்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று, இருமல் இல்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று, புகைகூட வெள்ளையாகவில்லை. வரப்பில் நின்று என் டீசல் வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் எவ்ளோ நேரம் ஓட்டம் பார்ப்பீங்க?" என்றேன்.

"நிக்கிது நிக்கிதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நிக்கட்டும், பாக்கலாம்" என்றார் அவர்.

பகல் ஒரு மணிக்கு மல்லிகா சோறு கொண்டுவந்தார். கருவாட்டுக் குழம்பு. "எங்க ஊர் சந்தைக்கு ஒங்க பக்கத்து கருவாடுதான் வருது அண்ணா, கூச்சப்படாம சாப்புடுங்க" என்றார். எல்லோரும் கிணற்றுக்கு அந்தப்புறம் நிழலில் உட்கார்ந்தோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. கேன் திறந்து கிடக்கிறது. வண்டிப் பக்கம் போன டிரைவரை இன்னும் காணோம். வரப்பில் வேறு யாரோ இரண்டு பேர் வருகிறார்கள். ஒரு பாட்டில் முக்கி எடுத்தால் யாருக்குத் தெரியும்? கைகழுவுகிற சாக்கில் எழுந்து போனேன். புல்லில் கிடந்த கேன் மூடியைத் தேடி எடுத்து, துணியை உருவிப் போட்டுவிட்டு, பலங்கொண்ட மட்டும் திருகினேன். பிறகு நிம்மதியாக வந்து உட்கார்ந்து இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது எஞ்சின் இருமியது. இன்னொரு தடவை இருமி, இழுத்து, நின்றது. கடலில் நிற்பதாக மச்சான் எப்படிச் சொன்னானோ, அதே மாதிரி. நான் துள்ளி எழுந்தேன். அந்தச் சத்தம் கேட்டு ஒருவன் சந்தோஷப்பட்டான் என்றால் அது நான்தான்.

"பாத்தீங்களா! இதான்! இதேதான்! பம்பு போச்சு, இல்ல யாரோ இன்னாவோ பண்ணிக்கிறாங்க!"

ஏகாம்பரம் எஞ்சினிடம் போகவில்லை. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். கேனின் இரண்டு பக்கமும் உள்வாங்கி, பட்டினி கிடந்த வயிறு மாதிரி ஒட்டிப் போயிருந்தது. மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கேன் டப்பென்று நிமிர்ந்தது. குழாயில் காற்றுக் குமிழி போகக் கொஞ்சம் டீசலை வடியவிட்டுக் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு.

"இதை யாரு மூடனது?"

மல்லிகா என்னைப் பார்த்தார். எப்போதோ திரும்பி வந்து வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்த டிரைவரும் பார்த்தார்.

"டீசல் எறங்க எறங்க மேல காத்து போவணும் அண்ணா. போவலேன்னா எஞ்சின் இன்னாத்த குடிக்கும்? ஒங்க எஞ்சினுக்கு ஒன்னுமில்ல. ஒரு நயா பைசா சாமான் வாணாம்." பிறகு கொஞ்சம் யோசித்துக் கேட்டார். "ஒங்க போட்டு டேங்க் மூடில காத்து ஓட்டை கீதா?"

பழைய மூடியில் இருந்தது. குண்டூசி நுழையும் அளவுக்கு ஒன்று. கடல் தண்ணீர் உள்ளே போய்விடுமே என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் குறைப்பட்டிருக்கிறேன். என் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. சாவி அங்கேதான் இருந்தது. கரைக்கு வந்ததும் நான் திறந்து பார்ப்பேன், உடனே எஞ்சின் ஓடும். கடலில் திறக்க அவனிடம் சாவி இல்லை. உரிந்துபோன அந்த இரண்டு உள்ளங்கைகள் கண்முன் வந்து நின்றன. எனக்கு அழுகை வந்தது. வயலில் தண்ணீர் பாய்கிற பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

ஏகாம்பரம் கூலி ஐந்நூறு கேட்டார். ஒன்றுமே செய்யாததற்கு ஐந்நூறா என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டுக் கொடுத்தேன். மீதி டீசலை ஊற்றித் தரட்டுமா என்றார். வயலில் இன்னும் கால் பங்கு நனையாமல் இருந்தது. தீருகிற வரை ஓடட்டும் என்றேன்.

டீசல் தீர்ந்ததும் எஞ்சினை ஏற்றிக்கொண்டு நாலரைக்குத் திரும்பினோம். நான் மூடிய நேரம் போக, அந்தக் கேன் காலை முதல் நட்ட நடு வயலில் திறந்தே தொங்கியது. வரப்பில் வந்த இரண்டு பேரும் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள். எங்கள் கரையிலும் முன்பு டேங்கை அப்படித்தான் பூட்டாமல் வைத்திருந்தோம், நான் பூட்டு வாங்கும் வரை. டீசல் ஏன் கூடுதலாகச் செலவானது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாடைக்காற்றில் மீன் தேடித் தூரம் போனார்கள், அதுவாக இருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

புக்கத்துறை தாண்டியதும் தேசிங்குக்குப் போன் செய்தேன்.

"இன்னா மாமா, எஞ்சின்ல இன்னா சொன்னாங்க? அக்கா கேட்டுக்கினே கீது, நீ சாப்ட்டியா இல்லியான்னு."

"சாப்ட்டேன். எஞ்சினுக்கு ஒன்னுமில்ல. டேங்கு மூடிதான். காத்து போவ வழியில்ல. அதைக் கயட்டிப் போடு."



"சாவி உன்கிட்ட கீதே மாமா."

"ஆமா."

"ஆணி வச்சி ஓட்ட போடலாம். ஆனா..." இழுத்தான். "அப்புறம் டீசல் எடுக்கத்தான் ஒடச்சேன்னு நெனச்சிக்குவ. நீ வந்துடு. உன் முன்னாடியே போடறேன்."

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். டிரைவர் என்னைப் பார்த்தார். 

"நான் வர வாணாம்டா," என்றேன். "நீயே போடு."