கீழ் வீட்டில் தங்கிவிட்ட தூக்கு

வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது. இதை யார் சட்டமாகப் போட்டார்களோ தெரியாது. கோவளத்தில் நான் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தில் இதை மீறிய ஒரு ஜீவனையும் நான் பார்த்ததில்லை. பாய் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்த கிண்ணம் வடையோடு திரும்பும். மொட்டைமாடியை ஒட்டிய வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் கேக் வந்த தட்டு முறுக்கோடு போகும். இந்த ஊருக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து நான் உருகிப் போனேன். அதற்குக் காரணம் என் பிழைப்பு.

நான் பொத்தேரியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. மனிதர்கள் ஏன் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள் என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது என் வேலை. கம்ப்யூட்டரில் நிறையப் புள்ளிகளை வைத்து, இன்னாருக்கு இன்னார் பக்கத்து வீடு என்று கோடுகளால் இணைத்துவிடுவேன். கொடுக்கிற புள்ளி நீலம், வாங்கிக்கொண்டு கமுக்கமாக இருக்கிற புள்ளி சிவப்பு. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு புள்ளியும், அக்கம்பக்கத்தில் யார் நன்றாக இருக்கிறார்களோ அவர்களைக் காப்பியடிக்கும். நிறையத் தொடர்புள்ள ஒரு புள்ளி கொடுக்க ஆரம்பித்தால் போதும், சுற்றியிருப்பவை அதைப் பார்த்து மாறும். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க நீலம். அதைப் பார்க்கும்போதெல்லாம் உலகத்தையே நான் திருத்திவிட்டது போல ஒரு கர்வம் வரும்.

என் கைடு அந்த நீலத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாரும் கொடுக்கறாங்க, சரி. கடைசில யார்கிட்டம்மா போய்ச் சேருது?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலான புள்ளிகள் ஏதோ பிழைத்துக்கொண்டிருந்தன. நடுவிலிருந்த அந்த ஒரு புள்ளி மட்டும் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் கேளம்பாக்கம் தாண்டும்போது பிடிபட்டது. எங்கள் கட்டடத்தின் கீழ் வீட்டு அக்கா.

அக்கா மீன் வியாபாரம் செய்கிறார். அவருடைய வாசலுக்கு ஒரு பக்கம் கேட், மறுபக்கம் மாடிப்படி. அவரைத் தாண்டாமல் காற்றுகூட மேலே வராது. யார் என்ன சமைத்தாலும் முதல் கிண்ணம் அங்கேதான் போகும். அங்கிருந்தும் எல்லா வீட்டுக்கும் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். தாராளமான கை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சுண்டல் செய்து அக்காவுக்குக் கொடுத்தேன். சாயங்காலம் பாய் வீட்டு அம்மா ஒரு கிண்ணத்தோடு வந்தார். "கீழ் வூட்டு அக்கா குடுத்தாங்க, நெறைய இருந்துச்சு. இந்தா, நீயும் சாப்புடு. பாவம், அக்காவுக்கு இன்னா அவசரமோ, கடல வேகல."

என் சுண்டல். என் வேகாத கடலை. "ஆமாங்க, சரியா வேகலதான்" என்று நானும் அக்காவைக் குறை சொல்லிவிட்டு, அந்தக் கிண்ணத்தைத் திருப்பும்போது பிஸ்கட் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது, அக்கா வீட்டில் மீனைத் தவிர வேறெதற்கும் அடுப்பு எரிவதில்லை என்று.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, அம்மாவின் தூக்குப் பாத்திரம் அங்கே போய்ச் சிக்கிக்கொள்ளும் வரை.

செங்கல்பட்டிலிருக்கும் என் அம்மா, நான் தனியாக வீடெடுத்துத் தங்குவதற்குச் சம்மதித்ததே பெரிய விஷயம். "ஒழுங்கா குடித்தனம் பண்ணு. இல்லனா பொட்டி கட்டிகினு வூடு வந்து சேரு" என்று சொல்லி, தன் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தூக்கைக் கொடுத்தனுப்பியிருந்தார். அடியில் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். நான் பொங்கலன்று அதில் சர்க்கரைப் பொங்கல் போட்டு அக்காவுக்குக் கொடுத்தேன். அதன் பிறகு தூக்கைக் காணோம். சித்திரை பிறந்ததும் அம்மா போன் செய்தார். "ஞாயித்துக்கெழம வரேன். வூட்ட எப்டி வச்சினுகீறன்னு பாக்கணும்." தூக்கு இல்லையென்றால் நான் பெட்டி கட்ட வேண்டியதுதான். கடல் தெரிகிற ஜன்னல், இஷ்டத்துக்குத் தூங்குகிற ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் போச்சு. உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

அக்காவிடம் போய் நின்றேன்.

"தூக்கா? பத்திரமா கீதும்மா. வெறும் தூக்க எப்டி குடுக்கறது?"

"பரவாயில்லக்கா. ஒரு கை சர்க்கர போட்டுக் குடுங்க, போதும்."

அக்காவின் முகம் மாறியது. "சர்க்கரையா? உனக்கா? அவ்ளோ கொறஞ்சா பூட்டேன் நானு? கடல் சரியில்ல, படகு எதுவும் எறங்கல. நல்ல வஞ்சிரம் வரட்டும், கொழம்பு வச்சு அதுல ஊத்தித் தரேன்."

அதற்கு மேல் கேட்டால் மரியாதைக் குறைவு. அம்மா வருவதற்குள் கடல் அடங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கூட்டுறவைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள், ஒரு தூக்கை மீட்க வங்காள விரிகுடாவை நம்பியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தார். எல்லாரையும் போல அம்மாவும் கீழ் வீட்டைத் தாண்டித்தானே வரவேண்டும். வெகுநேரம் மேலே வரவில்லை. எட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கையில் தூக்கு. உள்ளே வஞ்சிர மீன் குழம்பு, சூடாக.

"நல்ல பொம்பளடி. காலைலதான் வஞ்சிரம் வந்துச்சாம், இப்பதான் அடுப்புலேந்து எறக்கினாங்களாம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிம்மதியாகச் சாப்பிட்டு, தூக்கைத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் அம்மா அதில் புளியோதரையை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா பண்ற?"

"கீழ குடுக்கணும் இல்ல?"

"அம்மா, அது உன் தூக்கு. அடியில உன் பேரு இருக்கு, பாரு."

"எனக்குப் படிக்கத் தெரியாதா? நேத்தே பாத்தேன். அவங்க கையால வந்துச்சு, அவங்க கைக்குத்தான் போவணும். வெறுமனே வச்சிகினா நம்மள இன்னா நெனப்பாங்க?"

தடுக்க முடியவில்லை. தூக்கு புளியோதரையோடு கீழே போய்விட்டது. ஆனால் அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. அம்மா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, மூடி போட்ட பெரிய சம்படம் நிறைய எறாத் தொக்கு கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். கனமான, அடி தடித்த சம்படம். அந்த வாசனையோடு அம்மா செங்கல்பட்டு வரை உட்கார்ந்து போயிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் வேறு ஊர் பஸ்ஸுக்கு மாறியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆடி பிறந்துவிட்டது. அக்கா இப்போது நான் படியேறும்போதெல்லாம் நிறுத்துகிறார். "அம்மா எப்பம்மா வராங்க? அந்தச் சம்படம் இருந்தா தேவல." கட்டடத்துக் கிண்ணமெல்லாம் யாரிடம் போய்ச் சேருமோ அவரிடமிருந்தே ஒரு பாத்திரம் கைவிட்டுப் போய்விட்டது, அதுவும் செங்கல்பட்டுக்கு. என் நிரலில் இப்படி ஒரு புள்ளிக்கு நான் நிறமே வைக்கவில்லை.

போன வாரம் அம்மாவிடம் போனில் கேட்டேன். "அக்கா சம்படத்த கேக்கறாங்கம்மா. பஸ் ஏறி நானே வந்து எடுத்துகினு போவட்டுமா?"

"வெறும் சம்படத்தையா? அவங்க குடுத்தது எறாத் தொக்கு. அதுக்கு ஈடா எதனா செய்யணும். செஞ்சு நானே கொண்டாறேன், அவசரம் இன்னா?"

"அது வரைக்கும் உன் தூக்கு?"

"அங்கயே கெடக்கட்டும்."

சரி, போனை வைப்பதற்குள் அம்மாவைக் கொஞ்சம் சீண்டலாம் என்று தோன்றியது. "எனக்கும் இங்க பேஜாராதாம்மா இருக்கு. பொட்டி கட்டிகினு வந்துடட்டுமா?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வாய மூடு. என் தூக்கு அங்க கீது. அது திரும்பறதுக்குள்ள வூட்ட காலி பண்ணேன்னு வையி, அப்ப இருக்குது உனக்கு."