படிக்கட்டுச் சுவர்

நகராட்சியின் பழங்கட்டடப் பிரிவில் அவளுக்குக் கண்ணாடியம்மா என்று பெயர். மூக்குக் கண்ணாடி போட்டதால் வந்த பெயர் அல்ல. இடிக்கக் கூடாது என்று பட்டியலில் ஏற்றிய கட்டடங்களில் விரிசல் விட்டிருந்தால், அதன் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்டு பூசி ஒட்டுவாள். பக்கத்தில் தேதி எழுதுவாள். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பத்தொன்பது வருடமாக அவள் அதைத்தான் செய்துவந்தாள்.

தாழ்வாரத்துக்கு எதிர்ப்பக்கம் குடியிருப்புப் பிரிவு. வீடில்லாமல் விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர்களின் பட்டியல் அவர்களிடம் இருந்தது. பழைய கட்டடங்களின் பட்டியல் இவர்களிடம். மதியம் எல்லாரும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவார்கள். தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குங்கள் என்று அவர்கள் சீண்டுவார்கள். நீங்கள் கொடுக்கிற தீப்பெட்டி வீட்டுக்குள் காலை நீட்ட முடியாதே என்று இவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். அவள் வாயைத் திறக்க மாட்டாள். அப்படிப்பட்ட தீப்பெட்டி ஒன்றில், பத்தாவது மாடியில்தான், அவளும் கணவனும் குடியிருந்தார்கள். அது கிடைக்க அவர்கள் காத்திருந்தது ஒன்பது வருடம்.

அவள் பார்த்துவந்த கட்டடங்களில் ஒன்று அவள் பிறந்து வளர்ந்த இடம். ஒரு காலத்தில் கப்பல் கம்பெனி அலுவலகமாக இருந்து, பிறகு பலகைத் தடுப்பு வைத்து அறை அறையாக வாடகைக்கு விட்ட மூன்று மாடிக் கட்டடம். இருபத்திரண்டு குடித்தனம், ஒரே படிக்கட்டு. தெருப்பக்கம் வளைவு ஜன்னல்களும் கல்லில் செதுக்கிய நங்கூரமும் இருந்ததால் அது பட்டியலில் ஏறியிருந்தது. இரண்டாவது மாடியில் இரண்டு அறைகளில் அவளுடைய அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவர் அவர்தான். அவளுக்கு நாற்பத்தாறு வயதான பிறகும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவள் சிமெண்டு பூசும் கரணையும் கண்ணாடியுமாகப் படியேறி வந்தால், “சுவருக்குக் கண்ணாடி போட டாக்டரம்மா வந்தாச்சு” என்று மாடி முழுக்கக் கேட்கும்படி சொல்வார்.

சொந்த அண்ணன் இருக்கிற கட்டடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அவள் மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் உன் முகத்தில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள், நல்லதுதானே என்று அவர் அந்தக் கட்டடத்தின் கோப்பை அவளிடமே தள்ளிவிட்டார்.

கட்டடத்துக்காரர் அதை இடித்துவிட்டுப் பதினெட்டு மாடி கட்ட வேண்டும் என்று வருடக்கணக்காக அலைந்துகொண்டிருந்தார். பட்டியலில் இருக்கும்வரை நடக்காது. ஆபத்தான நிலை என்று பதிவேட்டில் ஏறிவிட்டால் நடக்கும். பதினைந்து நாளில் எல்லாக் குடித்தனமும் ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைக்குப் போக வேண்டும். தற்காலிகம் என்று பெயர். எட்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு தெருவிலிருந்து போனவர்கள் இன்னும் அங்கேதான் கிடந்தார்கள். அதனால் அந்தக் கட்டடத்தில் ஆபத்து என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் போனபோது, முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவே, படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்த மூன்று கண்ணாடிகளில் நடுவில் இருந்தது உடைந்திருந்தது. குறுக்கே சுத்தமாக வெட்டினாற்போல் இருந்தது. ஒரு பாதி கீழே இறங்கியிருந்தது. அவள் நகத்தை வைத்துப் பார்த்தாள். நகம் உள்ளே போனது.

அண்ணனும் அண்ணியும் இறங்கி வந்து பார்த்தார்கள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேற ஒண்ணு ஒட்டிட்டுப் போயிடும்மா. ஒரு கண்ணாடித் துண்டுக்காக இத்தனை பேரையும் கொட்டகைக்கு அனுப்பிடாதே. உங்க அண்ணன் முட்டியை வெச்சுக்கிட்டு அங்கே எந்த பஸ் ஏறுவாரு?”

பார்க்கலாம் அண்ணி என்று மட்டும் அவள் சொன்னாள். வாசல்வரை வழியனுப்ப அண்ணன் கூடவே இறங்கினார். முட்டி வலியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று வந்தவர், கீழே வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“அவ பயத்துல பேசுறா, பாப்பா. எங்க மூஞ்சியைப் பார்த்து எழுதாதே. சுவரைப் பார்த்து எழுது.”

அவள் அலுவலகத்துக்குப் போய் நடந்ததை மேலதிகாரியிடம் சொன்னாள். அவர் நல்ல மனிதர். பழைய கட்டடம் ஒன்று விழுந்தால் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருப்பவர். ஒரு கண்ணாடியை வைத்து முடிவெடுக்க முடியாது, உடைந்தது என்று எழுதினால் நாளைக்கே கட்டடத்துக்காரன் இடிக்கிற இயந்திரத்தோடு வந்து நிற்பான், இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம் என்றார். சாயங்காலம் அண்ணி போன் செய்தாள். காலையில் சொன்னதையே திரும்பச் சொன்னாள். கடைசியில் அழுதாள்.

மறுநாள் அவள் போய்ப் புதுக் கண்ணாடி ஒட்டினாள். பதிவேட்டில், தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது என்று எழுதினாள். அதோடு விடவும் அவளுக்கு மனசு வரவில்லை. படிக்கட்டுக்கு இரும்பு முட்டு கொடுக்க வேண்டும் என்று தனியாக ஒரு குறிப்பு போட்டாள். முட்டுக்கொடுப்பது கட்டடத்துக்காரர் பொறுப்பு என்று நகராட்சி எழுதியது. இடிக்க விடாத நகராட்சியே தாங்கிப் பிடிக்கட்டும் என்று அவர் பதில் எழுதினார். அந்தக் கோப்பு போவதும் வருவதுமாக இருந்தது.

ஒன்பதாவது வாரம், காலை பதினொரு மணிக்குப் படிக்கட்டுச் சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. மாத்திரை வாங்க இறங்கிக்கொண்டிருந்த அண்ணனும், மூன்றாவது மாடியில் துணி தேய்த்துப் பிழைத்த ஒரு பெண்ணும் அடியில் சிக்கி இறந்தார்கள். தீயணைப்பு நிலையத்திலிருந்து தகவல் முதலில் பழங்கட்டடப் பிரிவுக்குத்தான் வந்தது. போனை எடுத்த மேலதிகாரி எழுந்து அவள் மேஜைக்கு வந்து நின்றார். எந்தக் கட்டடம் என்று அவள் கேட்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது, படி இல்லாமல் மாடிகளில் மாட்டிக்கொண்டவர்களை ஏணி வைத்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஏணியில் இறங்கி வந்தாள். இவளைப் பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை.

விசாரணைக்கு ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டார்கள். கண்ணாடி உடைந்ததைப் பார்த்தீர்களா என்று அவர் கேட்டார். பார்த்தேன் என்றாள். பதிவேட்டில் ஏன் இல்லை என்றார். நான் எழுதவில்லை என்றாள். எழுத வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டார். மேலதிகாரி முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். குடித்தனக்காரர்களோடு அண்ணி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“பேனா என் கையிலதாங்க இருந்துச்சு” என்றாள் அவள்.

அவளைப் பதவி இறக்கிப் பதிவறைக்கு மாற்றினார்கள். மேலதிகாரி அடுத்த மார்ச்சில் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். அத்தனை வருடம் அலைந்தும் நடக்காதது ஒரே மாதத்தில் நடந்தது. கட்டடம் ஆபத்தானது என்று பட்டியலிலிருந்து நீக்கினார்கள். நங்கூரம் உள்ள முன்சுவரை மட்டும் இரும்புச் சட்டங்களால் நிறுத்திவைத்துக்கொண்டு பின்னால் இருந்த எல்லாவற்றையும் இடித்தார்கள். முகப்பைக் காப்பாற்றினோம் என்று பழங்கட்டடப் பிரிவும், வீடு வரப்போகிறது என்று குடியிருப்புப் பிரிவும் ஆளுக்கோர் அறிக்கை விட்டன. குடித்தனங்கள் கொட்டகைக்குப் போயின.

அவள் ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறிக் கொட்டகைக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்துவிடுவாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்குவாள். இவள் தண்ணீர் பிடித்து வைப்பாள், மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வாள், திரும்பி வருவாள். ஒரு வருடத்துக்கும் மேலாக அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. போகாமல் இருந்தால்தான் என்ன என்று கணவன் ஒருமுறை கேட்டான். போகாமல் எங்கே இருப்பது என்று இவள் திருப்பிக் கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கத்தியைக் கீழே வைக்காமலே அண்ணி பேசினாள்.

“அன்னிக்கு வாசல்ல அவர் உங்கிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு. முதல் மாடிக் கைப்பிடிகிட்டதான் நின்னேன். கேட்டுட்டுத்தான் சாயங்காலம் உனக்கு போன் பண்ணேன்.”

அவள் அண்ணியின் கையிலிருந்து கத்தியை வாங்கி, மீதிக் காயை நறுக்கினாள்.

நாலாவது வருடம் அந்த முன்சுவருக்குப் பின்னால் கட்டிய வீடுகள் தயாராயின. பழைய குடித்தனக்காரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு என்றார்கள். ஆனால் வாடகை ரசீது அப்பா பெயரிலேயே இருந்தது. அண்ணன் மாற்றாமல் விட்டிருந்தார். அப்பாவுக்கு இப்போது இருக்கிற வாரிசு மகளான இவள்தான், மருமகள் இல்லை, மகளுக்கோ ஏற்கெனவே வீடு இருக்கிறது என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அண்ணனும் அண்ணியும் அங்கே குடியிருந்ததைக் காட்டும் பழைய கணக்கெடுப்புத் தாள்களைப் பதிவறையில் தேடியெடுத்து அவள் இரண்டு முறை மேல்முறையீடு செய்தாள். அந்தத் தாள்களில் இருந்தது அவளுடைய கையெழுத்து. இவர் எழுதியதை இனி எப்படி நம்புவது என்று குடியிருப்புப் பிரிவில் ஒருவர் கேட்டதாக அவள் காதுக்கு வந்தது. மதியம் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்தான். இருபத்திரண்டில் ஏழு குடித்தனத்துக்கு வீடு கிடைத்தது.

இரண்டாவது மேல்முறையீடும் தள்ளுபடியான அன்று, எங்களோடு வந்து இருங்கள் அண்ணி என்று அவள் கூப்பிட்டாள்.

“வேண்டாம்மா” என்றாள் அண்ணி. “தினமும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டிருக்க நம்மால முடியாது. ஞாயித்துக்கிழமை வா. அது போதும்.”

அவள் சரி என்றாள். வெளியே குழாயில் தண்ணீர் விடும் நேரமாகியிருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள்.