மச்சானின் போன் நம்பர்

பாளையங்கோட்டை ரத்தப் பரிசோதனை நிலையத்தின் திரையில் அன்று காலையில் மச்சானின் பெயர் நின்றது. மேசைக்கு எதிரே புன்னக்காயலிலிருந்து முதன்முறையாக வந்த ஓர் அம்மாள், தன் போன் நம்பரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, இந்த நம்பரை அடிச்சா நம்ம சார் பேருல்லா வருது" என்று பதற்றத்தோடு என்னை வரவழைத்தாள் மேசையில் இருந்த பெண். மச்சான் இறந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது.

அவன் என் மனைவியின் தம்பி. இருவரும் சேர்ந்துதான் அந்த நிலையத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். நோயாளிகள் அட்டவணையில் ஆளுக்கு ஒரு வரி. அந்த வரிக்கு வேறு யாருக்கும் இல்லாத அடையாளம் ஒன்று வேண்டும். அர்த்தமே இல்லாத ஒரு வரிசை எண்ணைக் கம்ப்யூட்டரே போடட்டும் என்றேன். அவன் சிரித்தான். "வாரவங்க அதையா அத்தான் ஞாபகம் வச்சிருப்பாங்க? பேரும் ஆவாது. நம்ம ஊர்ல அண்ணன் தம்பி அத்தனை பேரும் மவனுக்குத் தாத்தா பேரைத்தான் வைக்கானுவ. போன் நம்பரைப் போடுங்க, ஒருத்தன் நம்பர் இன்னொருத்தனுக்கு வராது." நம்பரை மாத்தினா என்னலே செய்வே என்று கேட்டேன். "அப்பம் பாத்துக்கிடலாம்" என்றான். அவன் வாயை யாரால் அடைக்க முடியும்? சரி, ஒழி என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவனுக்கே சிறுநீரகம் கெட்டது. அங்கேயேதான் ரத்தம் கொடுத்தான். முடிவுகளெல்லாம் அவன் போன் நம்பரில் ஏறின. அவன் போனபின் நம்பருக்கு யாரும் பணம் கட்டவில்லை. கம்பெனிக்காரர்கள் அதை இந்த அம்மாளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்படியே பதிந்தால், டாக்டர் அவன் சிறுநீரகத்தைப் பார்த்து இவருக்கு மருந்து எழுதுவார்.

அந்த அம்மாளுக்குக் கையால் சீட்டு எழுதி ரத்தம் எடுக்கச் சொன்னேன். பிறகு உட்கார்ந்து அட்டவணையில் எல்லோருக்கும் வரிசை எண் கொடுத்தேன். போன் நம்பர் இனி மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு சாதாரணக் கட்டம். மச்சானின் வரியில் அதை அழித்து, அந்த அம்மாளின் வரியில் அடித்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. என் மனைவி சில நாள் காலையில் அந்த நம்பரை அழுத்துவாள். உபயோகத்தில் இல்லை என்ற குரலைக் கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். உனக்கென்ன கிறுக்கா என்று ஒருமுறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவளே வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, இன்னைக்கு மணி அடிச்சுது. யாரோ ஒரு பொம்பள எடுத்தா."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? வாயில வந்தத, சாப்பிட்டாச்சான்னு கேட்டுட்டேன். இன்னும் இல்லம்மா, வெறும் வயித்துல ரத்தம் குடுக்க வந்திருக்கேன்னு சொல்லுதா."