ஒரே துண்டாக வந்த கட்டி

திண்டிவனத்தில் நிலக்கடலை வியாபாரம் செய்யும் என் கணவருக்கு மலத்தில் ரத்தம் போனது. மூலம் என்று நினைத்துக் கைவைத்தியம் பார்த்தோம். விழுப்புரத்தில் கேமரா விட்டுப் பார்த்தபோதுதான், பெருங்குடலில் பெரிய கட்டி இருப்பது தெரிந்தது. விட்டுவைத்தால் புற்றாகிவிடும், ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும் என்றார்கள்.

அடுத்துப் போய்ப் பார்த்த சென்னை டாக்டரோ, வயிற்றைக் கிழிக்காமல் கேமராக் குழாய் வழியாகவே எடுக்கலாம் என்றார். அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை!

"ரெண்டு வழி இருக்கும்மா. சுருக்குக் கம்பியால துண்டு துண்டா வெட்டினா சீக்கிரம் முடியும், ஆனா மறுபடி முளைக்கலாம். அடியோட உரிச்சு ஒரே துண்டா எடுத்தா நேரமாகும், குடல்ல ஓட்டை விழுற ஆபத்தும் அதிகம். ஆனா ஓரம்வரைக்கும் புற்று இருக்கான்னு தெளிவா சோதிக்கலாம்."

"ஜல்தியா முடியறதே பண்ணுங்க சார். கடைய பூட்டிக்கினு வந்திருக்கேன்" என்றார் கணவர்.

"சும்மா இருங்க! ஒரே துண்டாவே எடுங்க டாக்டர்" என்றேன் நான்.

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள்; மதியம் தாண்டியும் சிகிச்சை அறைக் கதவு திறக்கவில்லை. என் பேச்சால் விபரீதம் ஆகிவிட்டதோ என்று பயந்தேன். கடைசியில் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சின்னதா ஓட்டை விழுந்துச்சு, உடனே கிளிப் போட்டு மூடிட்டோம். கட்டி முழுசா வந்துடுச்சு!"

சோதனையில், கட்டியின் ஒரு மூலையில் புற்று அப்போதுதான் தொடங்கியிருந்தது தெரிந்தது. ஆனால் ஆழமாக இறங்கவில்லை, ஓரங்களும் சுத்தம்! துண்டுகளாக எடுத்திருந்தால் இத்தனை உறுதியாகச் சொல்லியிருக்க முடியாதாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே இருவரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

இப்போதெல்லாம் எந்தச் சிகிச்சை என்றாலும், வேறு வழி உண்டா, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்ட பிறகே தலையாட்டுகிறேன். கடையில் யாராவது "வெறும் மூலம்தான்" என்றால் என் கணவர் விடுவதில்லை.

"நீயா முடிவு பண்ணாதய்யா. போய் கேமரா வுட்டு பாத்துக்கினு வா!"