குழாயில் புகுந்த காற்று

துறைமுக அலுவலகத்தில் காற்றழுத்தமானியைக் கவனித்துக்கொண்டவரை ஊரே பட்டாசு என்றுதான் கூப்பிடும். கோபம் மூக்கு நுனியில் நிற்கும்; கை அதற்கும் முன்னால் நிற்கும். சண்டையை விலக்க வந்தவரின் பல்லையே பெயர்த்த புண்ணியவான் அவர். ஆனால் சுவரில் தொங்கிய அந்தப் பழைய கருவியை மட்டும் பச்சைக் குழந்தையைப்போல் தொடுவார்.

நீண்ட மரச்சட்டம். அதற்குள் மேல்முனை மூடிய கண்ணாடிக் குழாய். அடிமுனை பாதரசக் கிண்ணத்தில் முங்கியிருக்கும். வெளிக்காற்று கிண்ணத்தை அழுத்துவதால்தான் குழாயில் பாதரசம் உயர்ந்து நிற்கிறது. அழுத்தம் குறைந்தால் இறங்கும். மளமளவென்று இறங்கினால் புயல். பாதரசத்துக்கு மேலே உள்ள இடம் மட்டும் வெறுமையாக இருக்கவேண்டும். அங்கே துளி காற்று புகுந்தாலும் பாதரசத்தைக் கீழே தள்ளி, இல்லாத புயலைக் காட்டிவிடும்.

அப்படித்தான் ஆனது. வெள்ளையடிக்க வந்தவர்கள் கருவியைக் கழற்றித் தலைகீழாகச் சாத்திவைத்தார்கள். பட்டாசு அதைச் சோதிக்காமலே திரும்ப மாட்டினார். பாதரசம் தாழ்ந்து நின்றது. எச்சரிக்கைக் கொடியை ஏற்றிப் படகுகளை நிறுத்தினார். மீன் அள்ளிக் கொடுக்கிற பருவம். வானமோ துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. படகுக்காரர்கள் அலுவலகத்துக்குள் புகுந்து அவரைத் துவைத்து எடுத்தார்கள். விலா எலும்பு முறிந்தது. முதல் அடி அவருடைய தங்கை கணவருடையது.

உடம்பில் கட்டோடு வந்து குழாயை மெல்லச் சாய்த்தார். பாதரசம் மேல்முனையில் டிக்கென்று மோதவேண்டும், மொத்தென்று மோதியது; மேலே காற்று புகுந்திருந்தது. அதைக் கொதிக்கவைத்துக் காற்றை வெளியேற்றினார். அடித்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்று தெரிந்தபோது விலாவைவிட அது அதிகம் வலித்தது.

அடுத்த முறை பாதரசம் கண்ணெதிரே இறங்கியது. சாய்த்துப் பார்த்தார், டிக்கென்றது. கொடியை ஏற்றினார். கரையில் சிரித்தார்கள், புலி வருது கதை தெரியாதவர் யார்? தங்கை கணவர் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குப் போகாதீங்க மாப்ள. இந்தத் தடவை நெசம்."

"போன தடவை வாங்கினது பத்தலையா மச்சான்?"

பட்டாசு கோடரியை எடுத்தார். படகின் அடிப்பலகையில் ஓங்கிப் போட்டார். துடுப்பு அவர் முதுகில் விழுந்தது, தோளில் விழுந்தது, தோள்மூட்டு கழன்றது. அவர் திருப்பி அடிக்கவில்லை. மிச்சமிருந்த ஒரு கையால் பலகை பிளக்கும்வரை வெட்டினார். பிறகு மணலில் சாய்ந்தார். வாயெல்லாம் ரத்தம், ஆனாலும் தங்கையின் தாலி பிழைத்தது என்று மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

நினைவு திரும்பியபோது காற்று கூரைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். சொந்தப் படகுதான் போச்சே என்று அடுத்த படகில் கூலிக்கு ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். அந்தப் படகு திரும்பவேயில்லை.

கடல் அடங்கிய பிறகு தங்கை வந்தாள். அழுகை இல்லை. அண்ணனின் கட்டுப்போட்ட தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பலகையைப் போய் ஒடச்சியேண்ணா. அவரு காலை ஒடச்சிருக்கக் கூடாதா?"